கொஞ்சம் குறைச்சல்

கிணற்றில் தண்ணீர் விழ ஆரம்பித்துப் பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது. காலையில் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. காய்ந்த அடித்தரையில் மோதிச் சிதறுகிற சத்தம். இப்போது தண்ணீரின்மேல் தண்ணீர் விழுவதால் சத்தம் கனத்து, அமுங்கிக் கேட்டது. கிணற்று மேட்டில் தண்ணி லாரி அன்றைய ஒன்பதாவது நடையாக வந்து நின்றிருந்தது. அதன் பின்புறத்திலிருந்து தடித்த ரப்பர்க் குழாய் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.

மாரக்காள் ஓரத்தில் குந்தி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெரிந்தது. அவளுடைய கிணறுதான். ஆனால் அதில் தண்ணீரைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. பார்த்ததும் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். முட்டிதான் வலித்தது. தரையில் கையூன்றி எழுந்தாள்.

"எத்தன அடி இருக்குமுங்க்கா?" என்று அங்கமுத்து கேட்டான். அவன் அந்த ஊர் வார்டு மெம்பர். வீட்டோடு நாலு பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளிடம் ஜாப் வொர்க் எடுத்து பனியன் தைத்துக் கொடுப்பவன். ஊரின் எதிர்ப்புக் குழுவுக்கு அவன்தான் தலைவர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் ஆனவன்.

"பத்து அடி இருக்கும்."

"போதுமுங்க. நாளைக்கு ஆப்பீசரு எட்டிப் பாத்தா தண்ணி கண்ணுல படோணும். அவ்வளவுதானுங்களே. ரெண்டு மீனு வாங்கி உட்டா இன்னும் நெசமாட்டத் தெரியும்."

மாரக்காளின் புருஷன் மாரப்பன் மோட்டார் ரூம் படியில் நின்று வாட்ச்மேன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கிணறு போன பிறகு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குக் காவலுக்குப் போகிறார்.

"மீனு என்னத்துக்கு? ஒரு பரிசலையும் உட்டுப்போடு. ஆப்பீசரு ஒரு சுத்துச் சுத்தி வரட்டும்."

"மாமனுக்கு எப்பவும் எகத்தாளந்தான்."

"எகத்தாளமில்லடா. செத்தவன் வாயில பால ஊத்திப்போட்டு முழுங்கறானான்னு பாக்கறீங்க. அதச் சொன்னேன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாரக்காள் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அவருக்குப் பதில் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கள்ளிக்காட்டுப்புதூர் அருள்புரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர். நூற்றைம்பது வீடு இருக்கும். மாரக்காளுக்கு அங்கே ஒரு வீடு, வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர், இரண்டு மாடு. அந்தப் பக்கத்தில் நிலத்துக்கு இரண்டு பேர்தான் உண்டு. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம். மழையை நம்பிக் கிடந்தால் காடு. தோட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு மரியாதை, காடு வைத்திருப்பவருக்கு ஒரு மரியாதை. மாரக்காளின் நிலம் தோட்டம். கிணறு வற்றிய பிறகும் எல்லோரும் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கிணறு வற்றிவிட்டது என்று அங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. அரிசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்பதில்லை, விளக்கு அணைந்தால் அணைந்துவிட்டது என்பதில்லை, அதுபோலத்தான் இதுவும். கேட்டால், "தண்ணி கொஞ்சம் கொறச்சலுங்க" என்பார்கள். கேட்டவரும் அதற்குமேல் கேட்கமாட்டார். பாதிக் கிணறு இருந்தாலும் கொறச்சல்தான், ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் கொறச்சல்தான்.

மகளைத் தாராபுரத்தில் கொடுக்கும்போது சம்பந்தி அதைத்தான் கேட்டார். "தோட்டத்துல தண்ணி எப்படீங்க?" கொஞ்சம் கொறச்சலுங்க என்றாள் மாரக்காள். அப்போது கிணறு காய்ந்து, உள்ளே இறக்கிய போரிலும் வெறும் புகைதான் வந்திருந்தது. சம்பந்தி அமராவதிக் கரையில் நெல் போடுகிறவர். கொறச்சல் என்றால் என்னவென்று அவர் ஊருக்குத் தகுந்தாற்போல் நினைத்துக்கொண்டார். இன்றைக்கும் போனில், "உங்க தோட்டத்துக்கு என்னங்க" என்று ஆரம்பிப்பார். மாரக்காளும் ஆமாங்க என்பாள்.

அவள் நிலத்துக்கு வடக்கே இருபத்திரண்டு ஏக்கர் கை மாறியது. யாரோ கோயமுத்தூர்க்காரர்கள் வாங்கினார்கள் என்றார்கள். பிறகு பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய பேனர் வந்தது. பன்னிரண்டு மாடி. நானூறு கடைகள், ஒரு லாட்ஜு, இரண்டு கல்யாண மண்டபம். பனியன் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே பார்த்து, அங்கேயே ஆர்டர் போட்டுவிட்டுப் போகலாமாம். படத்தில் கட்டடத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று பீச்சி அடித்துக்கொண்டிருந்தது. கோட்டுப் போட்டவர்கள் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தப் பீச்சுற தண்ணி எங்கிருந்து வருமாமா?" என்று மாரப்பன் அன்றைக்குக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்குப் போகிற பெரிய பாதை மாரக்காளின் வீட்டு வாசலை உரசிக்கொண்டு வருவதாக வரைபடத்தில் இருந்தது. அதன் கழிவு இறங்குகிற பள்ளம் அவள் மாடு கட்டுகிற இடம். அது வந்துவிட்டால் அங்கே மாடு வைத்துக்கொண்டு குடியிருக்க முடியாது. மகள் வீட்டுக்குப் போய் மருமகன் போடுகிற சோற்றைத் தின்ன வேண்டியதுதான். அவள் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தது அதற்காக. மற்றவர்களுக்கு மற்ற காரணங்கள் இருந்தன.

முதல் கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள். பந்தல், மைக், டீ எல்லாம் இருந்தது. பிறகு திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார்கள். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். அடுத்த திங்கட்கிழமை வேறொருவர் வாங்குவார், வேறொரு ரசீது தருவார். கம்பெனி வேலைக்குப் போகிற பையன்கள் அரை ஷிப்டு போகிறதே என்று நின்றுகொண்டார்கள். லைன் வீடுகளில் குடியிருந்த மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள், "நாங்க வாடகைக்கு இருக்கவுக, எங்க பேச்சை யாரு கேப்பா" என்று ஒதுங்கிக்கொண்டன. ஒரு வருடம் கழிந்தபோது திங்கட்கிழமை வேனில் ஒன்பது பேர் இருந்தார்கள். வேனில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கே இறங்கவேண்டும், எந்த வரிசையில் நிற்கவேண்டும், எந்தக் கடையில் போண்டா ஆறிப் போயிருக்கும் என்று எல்லாம் தெரிந்திருந்தது.

போன வாரம் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கட்டடம் வரும் இடத்திலும் அதைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் அதிகாரி கள ஆய்வு செய்வார் என்று போட்டிருந்தது. அங்கமுத்துவுக்கு உடனே பொறி தட்டியது. கட்டுகிறவர்கள் அந்த வட்டாரம் முழுக்கத் தரிசுக் காடு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். காட்டில் கட்டிக்கொள்ளலாம். தண்ணீர் பாய்கிற தோட்டத்துக்கு நடுவில் அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு லேசில் அனுமதி கிடைக்காது. கிணற்றைப் பார்க்க வருகிறார்கள் என்றால் தோட்டமா காடா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

"உங்க கெணறுதானுங்க்கா எல்லைல இருக்குது. அதுல தண்ணி தெரிஞ்சாப் போதும், ஜெயிச்சோம்," என்றான்.

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றால் இன்னொரு கூட்டம் போடுவார்கள்.

திருப்பூர்ப் பக்கத்தில் தண்ணி லாரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையிலிருந்து ஒன்பது நடை வந்தும் எதற்கென்று ஒருவர் கேட்கவில்லை. லாரி கைருதீனுடையது. நாலு வீடு தள்ளி இருப்பவர். குழுவில் மிஞ்சிய ஒன்பது பேரில் ஒருவர். இந்த வேலைக்குக் காசு வாங்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கடைசி நடை காலியானதும் அவர் குழாயைச் சுருட்டினார். குழாய் வாயிலிருந்து வடிந்த தண்ணீரில் மாரக்காள் கையைக் கழுவினாள். ஈரக்கையால் வாயைத் துடைத்தவள் நின்றாள். நாக்கில் உப்பு இல்லை.

"ஏனுங் தம்பி, இது நல்ல தண்ணியாட்ட இருக்குது?"

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இரண்டு டிரம் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணி. குடிக்கவும் சோறாக்கவும் வெளியூரிலிருந்து லாரியில் வருவது. இன்னொன்றில் உப்புத்தண்ணி. ஊர்ப் போரிலிருந்து வருவது. குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட. சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணி மண்ணுக்குள் இறங்கிய நாளிலிருந்து அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத்தான்.

"நல்ல தண்ணிதாங்க்கா. பொங்கலூர்ப் பக்கம் வாய்க்காலோரத்துக் கெணறு," என்றார் கைருதீன்.

"உப்புத்தண்ணி போதும்னுதானே பேச்சு?"

"உங்க கெணத்துல போயி உப்புத்தண்ணிய ஊத்தச் சொல்றீங்களா? எங்க கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்குனது இதுல மொண்ட தண்ணிலதான். ஊத்திட்டு ஊட்டுக்குப் போனா முனவர் என்னைய நிக்க வெச்சுக் கேப்பா."

முனவர் பேகம் அவருடைய மனைவி. கேட்கக்கூடியவள்தான்.

"அட, நல்லதாப் போச்சுங்க," என்றான் அங்கமுத்து. "ஆப்பீசரு குடிச்சே பாத்தாலும் தோட்டத்துத் தண்ணியாட்ட இருக்கும். பாய் பாய்தான்."

அதில் தப்பு ஏதும் இருப்பதாக மூன்று பேரில் யாருக்கும் தோன்றவில்லை. கிணற்றுக்குச் செய்கிற மரியாதை அது.

விடிகாலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு மாரக்காள் போய்ப் பார்த்தாள். தண்ணீர் நாலடி இறங்கியிருந்தது. காய்ந்து கிடந்த அடித்தளம் இரவெல்லாம் குடித்திருந்தது. எதுவரைக்கும் இருந்தது என்று சுற்றுக் கல்லில் ஈரக்கோடு தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது. வறண்ட கிணற்றில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் பனியன் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்டைக் கொட்டி வைத்திருந்தார்கள். மேலே கிடந்ததைத்தான் ஆள் இறங்கி எடுத்தார்கள். மண்ணுக்குள் புதைந்திருந்த துணுக்குகள் இப்போது ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வந்து மிதந்தன. மஞ்சள், ஊதா, குழந்தைச் சட்டையின் ரோஸ். கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கி அவள் அரித்து அரித்து எடுத்தாள். எடுத்த இடத்தில் இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் தோள் விட்டுப்போனது. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள்.

ஜீப் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அதிகாரி ஒருவர்தான் இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர், கைக்குட்டையைக் காலருக்குள் சுற்றியிருந்தார். இசக்கிமுத்து என்று பேர் சொன்னார். ஜீப்பின் பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதிலிருந்து யுவன் இறங்கினான். கட்டுகிற கம்பெனியின் மேனேஜர். மூன்று ஊர் தள்ளிப் பிறந்தவன்தான். சண்டைக்காரனாக நினைக்கவே முடியாதபடி அவ்வளவு பணிவாகப் பேசுவான்.

"பெரீம்மா, சௌரியமுங்களா? முட்டி வலி தேவலைங்களா?"

"அப்படியேதான் இருக்குது கண்ணு."

"எங்க மண்டபம் வந்தா லிப்ட் இருக்குமுங்க பெரீம்மா. படியே ஏற வேண்டாம்."

அங்கமுத்து குறுக்கே வந்தான். "ஏனுங் யுவன், பன்னெண்டாவது மாடில ஏறி நின்னா எங்க ஊடெல்லாம் தெரியுமுங்களா?"

"நல்லாத் தெரியுமுங்க மாமா."

"நாங்க இருந்தாத்தானே தெரியும்."

யுவன் சிரித்தான். கைருதீனும் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அவருக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்க வேண்டும். கிணற்று மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

"தோட்டமுங்க சார்," என்றான் அங்கமுத்து. "இதப் போயி தரிசுக் காடுன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்க. நீங்களே பாருங்க, தண்ணி நிக்குது."

அதிகாரி நாடாவை இறக்கிக்கொண்டே சொன்னார். "தோட்டமா காடாங்கிறது என் சோலி இல்லங்க. அதுக்கு ரெவின்யூ ஆளு தனியா வருவாங்க. நான் நிலத்தடி நீருக்கு வந்திருக்கேன். கீழ எவ்வளவு தண்ணி கிடக்குன்னு பாக்கணும், எழுதணும். அவ்வளவுதான்."

அங்கமுத்து யுவனைப் பார்த்தான். யுவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

"போர் போட மனு பண்ணியிருக்கறமுங்க மாமா. பன்னெண்டு போர். ஆயிரத்து ஐநூறு அடி."

"போரா? நீங்க லாரித்தண்ணி வாங்குவீங்கன்னுல்ல நெனச்சோம்."

"நானூறு கடைக்கும் லாட்ஜுக்கும் லாரில வாங்கிக் கட்டுப்படியாகுமுங்களா? அதுவுமில்லாம, தண்ணி இருக்கற எடத்துல எதுக்குங்க வாங்கோணும்?"

அங்கே பெட்டிக்கடைக்காரர் தண்ணீர் வாங்குகிறார், கம்பெனி முதலாளி தண்ணீர் வாங்குகிறார், கோயில் கும்பாபிஷேகத்துக்கும் லாரியில்தான் வந்தது. அந்த மண்ணுக்கடியில் தண்ணீர் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவன் வந்து நிற்பான் என ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. மாரப்பன் மட்டும் கேட்டார். அதற்குச் சிரித்தார்கள்.

அதிகாரி நாடாவைச் சுற்றி எடுத்தார். "ஒரு வாளி மொண்டு குடுங்கம்மா."

மாரக்காள் கயிற்றை இறக்கினாள். மூன்று ஆள் உயரத்துக்குக் கயிறு போய்க்கொண்டே இருந்தது. வாளியை மேலே தூக்கியபோது ஒரு மஞ்சள் துணுக்கு விளிம்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. கைருதீன் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதிகாரி உப்பு அளக்கிற, பேனா மாதிரியான ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டார். எண்ணைப் பார்த்தார். மீட்டரை உதறித் துடைத்து மறுபடி விட்டார். அப்புறம் கையில் அள்ளி ஒரு வாய் குடித்தார்.

"முந்நூத்தி இருபது," என்றார். "இந்தப் பக்கத்துல மூவாயிரத்துக்குக் கீழ நான் பாத்ததே கிடையாது. இது குடிதண்ணி."

"நாங்க ஆரம்பத்துல இருந்து இதத்தானுங்க சார் சொல்றோம்," என்றான் யுவன். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "எங்க ஜியாலஜிஸ்ட் ரிப்போர்ட்லயும் இப்படித்தான் இருக்குது. இந்தப் பக்கம் நல்ல ஊத்து ஓடுதுங்கன்னு. ஊர்க்காரங்களே தண்ணிக்குப் பஞ்சமில்லைன்னு காட்டிட்டாங்க. நொம்பச் சந்தோசமுங்க பெரீம்மா."

அங்கமுத்துவின் முகம் இறங்கியது. கைருதீன் தரையைப் பார்த்தார். உப்புத்தண்ணி ஊற்றியிருந்தால் அதிகாரி இப்படித் திகைத்திருக்கமாட்டார். நல்லது செய்கிறோம் என்று தேடிப்போய் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

"தண்ணி கொஞ்சம் கொறச்சல்தானுங்க சார்," என்றான் அங்கமுத்து.

"குறைச்சல்னா?"

"கொறச்சல்தானுங்க. முன்ன மாதிரி இல்லீங்க."

"முன்ன மாதிரி எங்கனதான் இருக்கு? மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும்? ஒரு மணி நேரமா, ரெண்டா?"

அங்கமுத்து கைருதீனைப் பார்த்தான். "அது... ஓடுமுங்க. கொஞ்ச நேரம் ஓடும்."

"கொறச்சலுங்க சார்," என்றார் கைருதீனும். "நொம்பக் கொறச்சல்."

ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்து சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். கொறச்சலுங்க. போன வருசத்துக்கு இந்த வருசம் கொறச்சலுங்க. யாராலும் அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. தாண்டினால் பொய் வெளியே வரும். பொய்யைக்கூடச் சமாளித்துவிடலாம். ஊருக்கு நடுவில் நின்று, அடுத்தவர் கிணற்றைப் பார்த்து, வற்றிவிட்டது என்கிற அந்தப் பேச்சைப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கிணற்றுச் சுவரில் இருந்த ஈரக்கோட்டை ஒரு தடவை பார்த்தார். அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை.

"இங்க பாருங்க. காலைல இருந்து நாலு கிணறு பாத்தேன். நாலும் அடியோட காய்ஞ்சு கிடக்கு, பக்கத்துப் போர்த்தண்ணியும் உப்பு. இங்கன மட்டும் நல்ல தண்ணி நிக்கு. ரெண்டுல ஒண்ணுதான் இருக்கமுடியும். கீழ தனியா ஒரு ஊத்து இருக்கணும். இல்லைன்னா யாரோ கொண்டாந்து ஊத்தியிருக்கணும். எனக்கு என்ன தோணுதுங்கிறதை நான் எழுத முடியாது. என்ன பாத்தேனோ, கிணத்துக்காரங்க என்ன சொன்னாங்களோ, அதைத்தான் எழுதணும். ஊத்து இருக்குன்னு எழுதினா அவங்களுக்குப் போர் கிடைச்சிரும்." மாரக்காள் பக்கம் திரும்பினார். "எம்மா, கிணறு உங்களோடதுதான?"

"ஆமாங்க சாமி."

"அப்ப நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யுவன் முகத்தில் அதே பணிவு இருந்தது.

மாரக்காள் முருங்கை மரங்களைப் பார்த்தாள். மூலனூர்ச் சந்தைக்குக் காய் போட்ட மரங்கள். இப்போது ஊர்ப் போரின் உப்புத்தண்ணியில் உயிரை மட்டும் வைத்திருந்தன. அந்தப் பக்கம் மாடு இரண்டும் தொட்டியில் வாயை வைத்து அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டு போர் இறங்கினால் அந்த உப்புத்தண்ணியும் ஒரு கோடைக்கு மேல் நிற்காது. பாதை வாசலை உரசுவதெல்லாம் அப்புறம். தண்ணி போனால் அன்றைக்கே மாட்டை அவிழ்த்துவிட வேண்டியதுதான்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. ரெவின்யூ ஆள் வரும்போது இது காடு என்று எழுதுவார். தோட்டம் என்ற ஒரு வாதம் போகும். ஊரை ஏமாற்றுக்காரர்கள் என்று அடுத்த திங்கட்கிழமையே பேசுவார்கள். தாராபுரத்துக்குச் செய்தி போக ஒரு போன் போதும். சம்பந்தி ஒன்றும் சொல்லமாட்டார். தோட்டத்தைப் பற்றி விசாரிப்பதை மட்டும் நிறுத்திவிடுவார். மகள் அந்த வீட்டில் அவர் சொல்லாததையும் தினம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வேறு எப்படியாவது சொல்லலாமா என்று யோசித்தாள். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு வருடத்துக்குமேலாக எல்லோரிடமும் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிச் சொல்லியாகிவிட்டது.

"இது நேத்து ஊத்துனதுங்க சாமி," என்றாள். "லாரில கொண்டாந்து ஒம்பது நடை ஊத்துனோம். ராத்திரி நாலடி குடிச்சிருச்சு."

"அக்கா," என்றான் அங்கமுத்து மெதுவாக.

"இருடா."

யுவன் ஓர் அடி முன்னால் வந்தான். "பெரீம்மா, பயப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. யாராச்சும் இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல கண்ணு. நாங்கதான் ஊத்துனோம்."

கைருதீன் சட்டைப் பையிலிருந்து ஈரத் துணுக்கை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். "எங்க லாரிதானுங்க சார்." அதிகாரி அந்த மஞ்சள் துணுக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தார்.

"சரிம்மா. ஊத்தின தண்ணிய விடுங்க." பேனாவைத் திறந்தார். "அதுக்கு முன்ன இருந்த தண்ணி? உங்க கிணத்துத் தண்ணி? எவ்வளவுன்னு போட?"

வாளி அவள் காலடியில் இருந்தது. அதில் தண்ணீர் ஆடாமல் நின்றது. கொஞ்சம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் தானாகவே வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"இல்லீங்க," என்றாள். கேட்டிருக்குமோ என்று சந்தேகமாக இருந்தது. கிணற்றைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"எங்க கெணத்துல தண்ணி இல்லீங்க."